இன்னொரு வாட்டி ரத்தம்

ரத்த லேபில் வேலை செய்கிறவர்களுக்கு ஊரில் நல்ல பெயர் கிடையாது. குத்தும்போது ஒரு திட்டு, ரிசல்ட் லேட்டானால் அதைவிடப் பெரிய திட்டு. சக பாவிகளே, என்னை ஒருவர் திட்டவே இல்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

தலை எண்ணுகிற வேலை

திருவண்ணாமலை லேபில் நான் பார்ப்பது சிடி4 டெஸ்ட். நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகையின் மேற்பரப்பில் சிடி4 என்ற புரதம் இருக்கும். அதை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியில் ஒளிரும் சாயம் ஏற்றி ரத்தத்தில் விடுவோம். ஒளிர்கிறவற்றை மெஷின் எண்ணிவிடும். எச்ஐவிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த எண்ணிக்கைக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். அப்படி ஆறு மாதத்துக்கொரு முறை வருகிறவர் செங்கம் பக்கத்து விவசாயி ஒருவர், பெயர் வேண்டாம். இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அப்போ பௌர்ணமி கிரிவலக் கும்பல்ல, செவப்புத் துண்டு போட்டவன மட்டும் எண்ணுற மாதிரிங்க மேடம்."

ஃப்ரிட்ஜ்

போன சித்திரையில் அவர் கடைசி ஆளாக வந்தார். மெஷினை அணைத்தாயிற்று. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று ரத்தத்தை ஃப்ரிட்ஜில் வைத்தேன். வேறு டெஸ்டுகள் பார்த்த காலத்துப் பழக்கம். சிடி4 ரத்தத்துக்குக் குளிர் ஆகாது, வெளியில்தான் இருக்க வேண்டும். காலையில் மெஷின் காட்டிய எண்ணிக்கையை நம்புவதற்கில்லை.

போன் போட்டு, இன்னொரு வாட்டி ரத்தம் வேண்டும் என்றேன். "எதாவது கெட்டதாங்க?" என்றார். என் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. "நாளைக்கே வந்து குடுங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டேன். பக்கத்து மேசை பானு அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளு இன்னிக்கு சோறு துன்ன மாட்டாருடி."

லட்டு

மறுநாள் வரவேண்டியவர் பன்னிரண்டு நாள் கழித்து வந்தார், கையில் லட்டுப் பொட்டலத்தோடு. மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டதாம். காலேஜ் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த பெண். "என்னங்க இவ்ளோ அவசரம்?" என்றேன். "ரெண்டாவது வாட்டி ரத்தம் கேட்டீங்களே. நமக்கு நாள் கம்மின்னு தெரிஞ்சுபோச்சு. இருக்கறப்பவே முடிச்சுடலாம்னு..." என்றார்.

கையிலிருந்த லட்டை மேசையில் வைத்துவிட்டேன். ரத்தம் எடுத்து அன்றே பார்த்தேன். எண்ணிக்கை போன தடவையைவிட ஜாஸ்தி. ரிசல்ட் காகிதத்தை அவர் கையில் கொடுத்தேன். அப்போதுதான் ஃப்ரிட்ஜ் விஷயத்தைச் சொன்னேன். நாலு வார்த்தை திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

"இத அன்னிக்கே போன்ல சொல்லியிருந்தா, எம்பொண்ணு பரீட்ச எழுதியிருக்கும் மேடம்."

இப்போதெல்லாம் யாரையாவது மறுபடி ரத்தத்துக்குக் கூப்பிட்டால் வணக்கத்துக்கு முன்னாலேயே "தப்பு எங்களோடதுங்க" என்கிறேன். கேட்கிறவர்கள் என்னைப் பெருந்தன்மைக்காரி என்கிறார்கள், அதைக் கற்றுக்கொள்ள ஒரு பெண்ணின் படிப்பு செலவானது அவர்களுக்குத் தெரியாது.