கூகை திரும்பிய பக்கம்

போன மழைக்காலத் தொடக்கத்தில், கராச்சர்மா பஸ் ஸ்டாப்பில், என் வீட்டுக்காரர் ஒரு தண்ணீர் லாரிக்கு முன்னால் போய் நின்றார். வேண்டுமென்று இல்லை. ஹார்ன் சத்தம் கேட்டு விலகினார் – லாரி வந்த பக்கமாகவே!

டிரைவர் பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டினார். "அரே அங்கிள்! ஹார்ன் இதர் பஜ் ரஹா ஹை, ஆப் உதர் தேக் ரஹே ஹோ!" ஹார்ன் இங்கே அடிக்கிறது, நீங்கள் அங்கே பார்க்கிறீர்களே என்று திட்டினார். தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாவம், அவருக்கும் வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் இருப்பார்கள்.

நான் இவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து வந்தேன்.

"ஏங்க, ஹார்ன் கேக்கலையா?"

"கேட்டுச்சே... கேட்டதாலதானே நகந்தேன்."

"லாரி இடது பக்கம் வந்துச்சு. நீங்க வலது பக்கம் பாத்துக்கிட்டே இடது பக்கம் போறீங்க!"

அவர் அண்ணாந்து பார்த்தார். பஸ் ஸ்டாப் கூரைக்கு அடியில் கூடு கட்டியிருக்கும் உழவாரன் குருவிகள் எங்கள் தலைக்கு மேலே சர் சர்ரென்று பாய்ந்துகொண்டிருந்தன. தூண், குடை, பஸ் ஜன்னல் என்று எல்லாவற்றுக்கும் நடுவில் புகுந்து போகின்றன. ஒன்றுகூட எதன்மேலும் மோதவில்லை. கடலை அளவு மூளை இருந்தால் அதிகம். அதற்குள்ளேயே எந்தப் பொருள் எவ்வளவு வேகமாகக் கண்ணைக் கடந்து போகிறது என்று கணக்குப் போட்டு, இறக்கையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று முடிவும் எடுத்துவிடுகின்றன. இங்கே தேங்காய் அளவு தலையோடு ஒருவர் லாரியைக் கட்டிக்கொள்ளப் போகிறார்!

இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹட் பே முதலான தீவுகளுக்குப் போகிற கப்பல்களில் இன்ஜின் ரூமிலேயே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். இன்ஜின் சத்தத்தில் அங்கே யாரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். கையால் ஜாடை காட்டுவார்கள், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள், ரொம்ப அவசரமென்றால் பக்கத்தில் வந்து காதுக்குள் கத்துவார்கள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. நான் பேசினால் என் முகத்தையே பார்ப்பார். கல்யாணமான புதிதில் என்மேல் அவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பார்த்தது உதட்டை!

நடக்கும்போதும் என்னை எப்போதும் தன் வலப்பக்கமாகவே வரச் சொல்வார். அதுவும் கப்பல் பழக்கம் என்றே விட்டுவிட்டேன். குக்கர் விசில் அடித்தால் வாசலுக்குப் போய்ப் பார்ப்பார். போன் பெட்ரூமில் அடிக்கும், இவர் சோபா மெத்தையைத் தூக்கித் தேடுவார். நான் சிரிப்பேன். அவரும் சிரிப்பார். இடது காது போய்விட்டது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. லாரி வந்து சொல்ல வேண்டியிருந்தது.

"டாக்டர்கிட்ட காட்டுவோம்" என்றேன்.

"எதுக்கு? எல்லாம் கேக்குது. காதுல மிஷினை மாட்டிக்கிட்டுப் போனா படகுத்துறை ஜெட்டில நம்ம பசங்க என்ன சொல்லுவானுங்க? புட்டா ஹோ கயா, கெழவனாயிட்டான்னு சிரிப்பானுங்க."

"லாரில அடிபட்டா சிரிக்க மாட்டாங்களா?"

"சும்மா இரு, வசந்தா."

இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் அவருடைய ஸ்கூட்டர் சாவியை எடுத்து அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். சொல்லிக் கேட்காத மனுஷனை வேறு என்ன செய்ய?

அப்போதுதான் கூகை நடுவில் வந்தது.

பக்கத்து வீட்டு மாடி இன்னும் கட்டி முடியவில்லை. அங்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு கூகை குடியேறியிருந்தது. வெள்ளை முகம், பாதியாக வெட்டிய ஆப்பிள் மாதிரி. பின்வாசலுக்கு நேரே ஆந்தை ஜாதியா என்று திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டேன். விரட்டச் சொல்லலாம் என்று போனால், பக்கத்து வீட்டு வங்காளி அக்கா மண்டல் தீதி அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்! "லக்ஷ்மி கா வாஹன் ஹை, பஹன். மத் பகானா." வங்காளிகளுக்கு அது லட்சுமியின் வாகனமாம், விரட்டக் கூடாதாம். என் அபசகுனம் அவருக்கு அதிர்ஷ்டம். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று வந்துவிட்டேன்.

எங்கள் தீவில் ஐந்தரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். அன்று சாயங்காலம் கரண்டும் போயிற்று. மின்விசிறி, டிவி, பக்கத்து வீட்டு மோட்டார் எல்லாம் அடங்கியது. பின்வாசல் படியில் அவர் ஒரு மூலை, நான் ஒரு மூலை. பேச்சு மட்டும் இன்னும் திரும்பவில்லை.

தொட்டி விளிம்பில் கூகை உட்கார்ந்திருந்தது. வெளிச்சம் மங்கி, அதன் முகம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

சரசரவென்று ஒரு சத்தம். எலி! எங்களுக்கு இடப்பக்கம் காய்ந்த பாக்கு மட்டைகள் குவிந்து கிடக்கின்றன, அதற்குள்ளே. இவருக்கும் கேட்டுவிட்டது. சட்டென்று வலப்பக்கம், பாத்ரூம் பக்கம் திரும்பினார்.

கூகை மட்டைக் குவியல் பக்கம் திரும்பியது.

அவர் அதைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மறுபடியும் சரசர... அவர் இன்னும் பாத்ரூம் பக்கம் பார்த்து, பிறகு தயங்கி, கூகையின் முகத்தைப் பார்த்தார். அது தலையைக் கொஞ்சம் சாய்த்தது. அப்புறம் தொட்டியிலிருந்து அப்படியே வழுக்கினாற்போல் இறங்கியது. இறக்கைச் சத்தமே இல்லை. மட்டைக் குவியலுக்குள் கால் இறங்கியது, ஒரு கீச், அவ்வளவுதான். எலியோடு மேலே போய்விட்டது.

நான் எழுந்தே நின்றுவிட்டேன். இருட்டுக்குள், மட்டைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத எலி. அதை எப்படி அவ்வளவு சரியாக?

மறுநாள் முழுக்க போனில் தேடித் தேடிப் படித்தேன். கூகையின் இரண்டு காதுகளும் ஒரே மட்டத்தில் இல்லையாம். ஒன்று மேலே, ஒன்று சற்றுக் கீழே. அந்தத் தட்டு முகம் முழுவதும் சத்தத்தைப் பிடித்துக் காதுக்குத் தள்ளுகிற முறம். இடப்பக்கச் சத்தம் இடக் காதுக்கு முதலில் வரும், வலக் காதுக்கு இம்மி பிந்தி வரும். அந்த இம்மியை – கண் சிமிட்டும் நேரத்தைப் பல ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு துணுக்கு – அதன் மூளை அளந்துவிடுகிறது! எந்தப் பக்கம் என்பதை நேர வித்தியாசத்தில் கண்டுபிடிக்கிறது. மேலேயா கீழேயா என்பதை, எந்தக் காதில் சத்தம் பலமாக விழுகிறது என்பதில் கண்டுபிடிக்கிறது. மூளைக்குள் சத்தத்துக்கே ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. அதன்மேல் கண் காட்டுகிற வரைபடமும் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒரு கூகைக்குள் இத்தனையும்! இதையா விரட்டப் போனேன்?

சாயங்காலம் அதே படியில் உட்கார்ந்து சொன்னேன். அவருக்குக் கேட்கும் பக்கமாக உட்கார்ந்து. முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு தொட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஒரு காதை அடைச்சுட்டா?"

"சத்தம் கேக்கும். ஆனா தப்பான எடத்துல போய் விழும்."

"அப்புறம் எலி?"

"கெடைக்காது."

"பட்டினியா?"

"குஞ்சா இருந்தா மூளை புதுசாக் கத்துக்குமாம். வயசானதுக்குக் கஷ்டமாம். ஆனா கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கினா அதுவும் ஓரளவு கத்துக்குமாம்."

அவர் இருட்டும்வரை படியிலேயே உட்கார்ந்திருந்தார். கூகை வந்தது, உட்கார்ந்தது, போனது. மறுநாள் காலையில் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஆஸ்பத்திரியில ஓ.பி. சீட்டு எத்தனை மணிக்குக் குடுக்கிறான்?" என்றார். நான் அடுப்படிக்குப் போய் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

இன்ஜின் சத்தம் தின்றது போக இடது காதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, மிஷின் வைத்தால் பலன் உண்டு என்றார் டாக்டர். வைத்த முதல் வாரம் நரகம். தட்டுச் சத்தம் இடி மாதிரி இருக்கிறது என்று கழற்றிக் கழற்றி வைத்தார். திசை மட்டும் வரவே இல்லை. அதற்காகத் தினமும் பின்வாசல் படியில் ஒரு பயிற்சி. அவர் கண்ணை மூடிக்கொள்வார். நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி சுற்றிப் போய் எங்கேயாவது நின்று கை தட்டுவேன். அவர் விரலை நீட்டிக் காட்ட வேண்டும். முதலில் கிணற்றைக் காட்டினார், வாழையைக் காட்டினார், ஒருமுறை துணி காயப்போட வந்த மண்டல் தீதியைக் காட்டினார்.

நேற்று இடப்பக்கம், மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று தட்டினேன். மெதுவாகத்தான். தலையைக் கொஞ்சம் சாய்த்தார், அதே கூகை மாதிரி. விரல் நேராக என்னிடம் வந்து நின்றது. "வசந்தா, அங்கதானே நிக்கிற?" என்றார் கண்ணைத் திறக்காமல். ஆமாம் என்று இன்னொரு தடவை கை தட்டினேன்.

ஸ்கூட்டர் சாவியை அரிசி டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டேன். எல்லாம் நல்லபடியாகவே போகிறது, ஒன்றே ஒன்றைத் தவிர...

அடுப்படியில் நான் முணுமுணுப்பது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதும் இப்போது அவருக்குத் துல்லியமாகத் தெரிகிறது!