எத்தனை கட்டில்

ராணுவ ரகத் துப்பாக்கிகளைத் தடைசெய்து அரசு திரும்ப வாங்கிக்கொண்டிருந்த வருடம். சிட்னிப் புறநகரான கிரவீனில் ஒரு பிறந்தநாள் விருந்தில், "தடை போட்டா மட்டும் கொலை குறையுமா? கொல்றவன் கத்தியை எடுப்பான்" என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பட்டாசுக்கே காதைப் பொத்துகிறவன் நான்.

எதிரே யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர், குள்ளமானவர், அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தட்டைத் தொட்டார்.

"கத்திக்குத்து எண்டு போன் வந்தா ஒரு கட்டில் ஆயத்தம் பண்ணுவம். உந்தத் துவக்கெண்டா, எத்தனை கட்டில் எண்டுதான் முதல் கேப்பம். நீர் ஒரு நாளாவது கட்டில் விரிச்சனீரோ?"

"இல்லைங்க, படிச்சதைத்தான்..."

"அப்ப வாயை மூடிக்கொண்டு சாப்பிடும்."

வாயை மூடிக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது என்று கேட்கத் துணிவில்லை. தடையால் வன்முறை குறைந்ததா என்று படித்தவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அவர்களில் ஒருவரையாவது பிடித்து அந்த அன்ரியின் எதிரே உட்காரவைக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது.