தேர்ச் சக்கரத்தில் ஒரு புள்ளி

மரம் உராய்ந்து கருகும் வாசம். போன வாரம் மரக்கடையைக் கடந்தபோது ரம்பத்திலிருந்து கிளம்பி வந்து மூக்கில் ஏறியது, கூடவே கோபமும். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரின் ஓட்டத்தை அடக்கச் சக்கரத்துக்கடியில் போடும் முட்டுக்கட்டை கருகும்போதும் இதே வாசம்தான்.

எண்பதுகளின் கடைசி. அண்ணன் பட்டாளத்தில். மதினி ராஜபாளையத்தில் கணக்கு டீச்சர். அண்ணனுக்கு அவர் எழுதிய கடிதங்களில் பாதி காதல் கவிதை, மீதி வட்டமும் கோணமும். இரண்டும் வேறு என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலும். ஒருநாள் டின் மூடியின் விளிம்பில் ஓட்டை போட்டு, பென்சிலைச் சொருகி, சுவரோரமாக உருட்டினார். சுண்ணாம்பில் வில் வில்லாகக் கோடு விழுந்தது. "பாத்தீகளா தம்பி, கீழ தொடுற எடத்துல கோடு கூராக் குத்தி நிக்கி. மூடி ஓடுது, ஆனா அந்த நொடி அந்தப் புள்ளி மட்டும் நகரல. எம்புட்டு அழகு!"

அதையே கவிதையாக்கினார். 'ஓடும் தேரில் மண்ணைத் தொடும் புள்ளி அக்கணம் அசைவதில்லை. உன்னைத் தொட்ட நானும்.'

ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று சாயங்காலம் கவியரங்கம். நடத்திய மன்றத்துக்கு நான்தான் செயலாளர். முன்கூட்டியே தாள்களை வாங்கிப் பார்த்த தலைவர், நிலாவை நூறு தடவை எழுதியவர், அது ஏன் தேய்கிறது என்று ஒருநாளும் கேட்காதவர், உதட்டைப் பிதுக்கினார். "காதல்ல கணக்கு எதுக்குய்யா? அந்த வரிய அடிச்சு விடும்." அடித்தேன். என் பேனாவால்.

மேடையில் தாளைப் பிரித்த மதினி ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தாளை மடித்துவிட்டு, அடித்த வரியையும் சேர்த்து மனப்பாடமாகச் சொன்னார். தலைவர் மைக்கை இழுத்தார். "டீச்சரம்மா, தேர் ஓடுதா, நிக்குதா? ஒரு விடையச் சொல்லுங்க!" கூட்டம் குலுங்கியது. சிரிக்கத்தானே வந்திருந்தார்கள்!

கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். காலையில் தேருக்குக் கட்டை போட்டவர், கையில் காயத்துக்குச் சுற்றிய துணிக்கட்டோடு. "ஐயா, அந்தம்மா சொல்லுதது நெசம். உருளுத சக்கரத்துல தொடுற எடம் நிக்கத்தான் செய்யும். சறுக்குனாத்தான் கட்டை கருகும்."

"உக்காருய்யா, இது கவியரங்கம்!"

உட்காரவைத்துவிட்டார்கள். ஆயுசெல்லாம் சக்கரத்துக்கடியில் குனிந்து பார்த்தவரை, தேரை எதுகைக்கு மட்டும் இழுத்தவர்கள்! அதற்கப்புறம் மதினி ஒரு வரிகூட எழுதவில்லை.

போன வாரம் மரக்கடை வாசலில் நின்றும் அந்தத் தலைவரைத்தான் திட்டினேன். வாசம் போகவில்லை. அண்ணனோடு இருக்க வடக்கே கிளம்பிய மதினியை ரயிலேற்றிவிட்ட அன்றும் அவரைத்தான் திட்டினேன். "சபைக்குப் புரியாதுன்னுதான் மதினி அடிச்சேன்" என்றேன். ரயில் அசைந்தது.

"சபைய விடுங்க தம்பி. ஒங்களுக்குத்தான் சுவத்துல உருட்டிக் காட்டுனேனே."