பதினோரு வண்டிகளின் எர்த் வயர்

கிறிஸ்பினா பாயங்கன் பாகியோ நகரத்தில் இரண்டு வருடம் ரேடியோ ரிப்பேர் படித்துவிட்டு தன் மலையூரான அபதானுக்குத் திரும்பியபோது, ரேடியோவைச் சரிசெய்து கேட்கும் பொறுமை ஊரில் யாருக்கும் இல்லாமல் போயிருந்தது. கெட்டால் புதிதாக வாங்கிக்கொண்டார்கள். படிப்பு இருந்தது, வேலை இல்லை. வேலையைக் கொண்டுவந்தவன் மெல்கோர். கல்யாணத்தையும் அவன்தான் கொண்டுவந்தான். இரண்டில் எது முதலில் வந்தது என்று கேட்டால் இருவரும் வேறு வேறு பதில் சொல்வார்கள்.

மெல்கோர் இரும்பு வேலைக்காரன். ஜப்பானில் ஓடிக் களைத்த ஃபோர் வீல் வண்டிகள் கப்பலில் வந்து இறங்கும் காலம் அது. மலைக்காட்டு ஊர்களுக்குப் போக வேறு வண்டி உதவாது. ஆனால் அவற்றுக்கு ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கும். இந்த நாட்டில் இடப்பக்கம் இருந்தால்தான் ஓட்ட விடுவார்கள். மெல்கோர் வெட்டி, வளைத்து, பற்றவைத்து ஸ்டீயரிங்கையும் பெடல்களையும் இந்தப் பக்கம் கொண்டுவருவான். அதற்கேற்ப வயர்களை நீட்டுவதும் குறைப்பதும் கிறிஸ்பினாவின் வேலை. எஞ்சினுக்கு ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, கியருக்கு ஒன்று, நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பங்கிட ஒன்று, பிரேக்குக்கு ஒன்று என்று ஒரு வண்டிக்குள் எட்டுப் பெட்டிகள் இருக்கும்.

"ஆளைப் படுக்கப்போட்டு இதயத்தை வலப்பக்கம் மாத்துற வேலைடீ இது" என்பான் மெல்கோர்.

"நீ எலும்பைத்தான் நகத்துற. நரம்பு பூரா என் தலைல" என்பாள் அவள்.

பதினோரு வண்டிகள் அப்படி மாற்றினார்கள். பதினோராவது தங்களுக்கென்று வைத்துக்கொண்டது. அந்த வண்டியோடுதான் மெல்கோர், ஒரு ஜூலை மாதச் சாயங்காலம், பனிமூட்டத்தில் சாலை வளைவைத் தாண்டிப் பள்ளத்தில் போனான். போலீஸ் பனி என்று எழுதியது. பெரியவர்கள் அந்த வளைவில் பன்றி அறுத்து, போன உயிரை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். வளைவருகே சௌசௌ விற்கும் கிழவி மட்டும் கிறிஸ்பினாவிடம் ஒன்று சொன்னாள்: "கண்ணுக்கு ஒண்ணும் தெரியல மகளே. காதுலதான் கேட்டேன். வண்டிச் சத்தம் முதல்ல நின்னுச்சு. அப்புறம்தான் விழுந்துச்சு."

ஓடுகிற வண்டியில் எஞ்சின் நின்றால் ஸ்டீயரிங் கல்லாகும், பிரேக் மரமாகும். அது கிறிஸ்பினாவுக்குத் தெரியும். நொறுங்கிய வண்டியை கொழுந்தன் தொமினதோர் அதற்குள் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டிருந்தான். பனியில் காது ஏமாற்றும் என்றார்கள் எல்லோரும். அவளும் அப்படியே சொல்லிக்கொண்டு, ஸ்டீயரிங் மாற்றும் வேலையை விட்டுவிட்டு, வயர் ரிப்பேரை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு வருடம் ஓட்டினாள்.

ஒரு ஜனவரிக் காலையில் அகபிதோ வந்தான். மலைக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து நோயாளிகளையும் கேரட் மூட்டைகளையும் ஒரே வண்டியில் ஏற்றி வருகிறவன். மெல்கோர் கையால் மாறிய நாலாவது வண்டி அவனுடையது. அவளைவிட ஐந்து வயது இளையவன்; அக்கா முறை வைத்து மனாங் என்றுதான் கூப்பிடுவான்.

"மனாங், இதை வித்துரலாம்னு இருக்கேன். வாங்குறவன்தான் அகப்படல."

"என்ன பண்ணுது?"

"நிக்குது. சொல்லாம கொள்ளாம நிக்குது. ஃபோர் வீல் விளக்கு கண்ணடிக்கும், அவ்வளவுதான், எஞ்சின் போயிரும். நேத்து பிள்ளைத்தாச்சியை வச்சுக்கிட்டு ஏத்தத்துல நின்னுருச்சு. அவ புருஷன் என்னை வஞ்ச வசவு இருக்கே, பிள்ளை அதைக் கேட்டுட்டுத்தான் வெளிய வர யோசிச்சிருக்கும்."

"நகரத்துல காட்டினியா?"

"மூணு மாசம் காட்டினேன். பெட்டியைச் செருகிப் பாத்தாங்க. எட்டுக் கம்ப்யூட்டர்ல ஏழு குத்தம் சொல்லுதாம். சென்சார் மாத்தினாங்க, பம்பு மாத்தினாங்க, கம்ப்யூட்டரையே ஒண்ணு மாத்தினாங்க. இனி மாத்தணும்னா என்னைத்தான் மாத்தணும்."

கிறிஸ்பினாவும் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தாள். பெட்டிகள் ஒன்றை ஒன்று குறை சொல்லின; மாமியார் வீட்டுப் பஞ்சாயத்து மாதிரி இருந்தது. சமதரையில் வண்டி தேன் மாதிரி ஓடியது. பட்டறையைச் சுற்றி நாற்பது நிமிடம் ஓட்டியும் ஒரு இருமல்கூட இல்லை.

"எங்க நிக்குது?" என்று கேட்டாள்.

"ஏத்தத்துல."

"எந்த ஏத்தம்? எந்த இடம்?"

அகபிதோ கொஞ்சம் தயங்கினான். "சொன்னாச் சிரிப்ப. ஒரே இடத்துலதான் மூணு தடவை நின்னுச்சு. அங்க ஏதோ பிடிச்சிருக்குன்னு பெரியவங்க சொன்னாங்க. கோழி அறுத்துப் பித்தப்பை பாத்தோம். நல்லா நிறைஞ்சு, பளபளன்னு இருந்துச்சு, நல்ல சகுனம். மறுபடி நின்னுச்சு. இன்னொரு கோழி. அதுலயும் நல்ல பித்தம். கோழி பொய் சொல்லாது மனாங். வண்டிதான் பொய் சொல்லுது."

அவள் சிரிக்கவில்லை. "ரத்தம் விட்ட இடம் ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? பாதையில ஒரு பாறை முதுகு மாதிரி தூக்கிக்கிட்டு நிக்கும். இடது முன் சக்கரம் அதுமேல ஏறும்போதுதான். கல்லுமேல இன்னும் கறை இருக்கு."

நகரத்துப் பட்டறையில் மூன்று மாதம் யாரும் கேட்காத கேள்விக்கு, கோழி அறுத்தவர்கள் பதிலை இடம் குறித்து வைத்திருந்தார்கள். கிறிஸ்பினா ஜாக்கியை இழுத்து வந்து இடது முன் சக்கரத்துக்குக் கீழே கொடுத்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, சக்கரத்தை மேலே மேலே தூக்கினாள். வண்டியின் உடம்பு முறுக்கிக்கொண்டது. கதவிடுக்கு ஒரு விரல் அகலம் திறந்தது. ஃபோர் வீல் விளக்கு கண்ணடித்தது. எஞ்சின் நின்றது.

"அட!" என்றான் அகபிதோ. "பாறையை வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டியே!"

 டேஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்து, டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு மூடியைக் கழற்றினாள். கம்ப்யூட்டர் பெட்டிகள் எல்லாவற்றிலிருந்தும் கரண்ட் திரும்பிப் போகும் எர்த் வயர்கள் ஒரே போல்ட்டில் முடிந்தன; அங்கே பிடிப்பு விட்டால் எட்டும் ஒன்றாகத் தடுமாறும். அந்த போல்ட், பெடல்களைப் பிடிக்க மெல்கோர் பற்றவைத்த இரும்புத் தாங்கியில் இருந்தது. அவளே தேர்ந்தெடுத்த இடம். கிட்டத்தில் கிடைத்த நல்ல இரும்பு.

போல்ட்டைக் கழற்றினாள். வாஷருக்கு அடியில் துரு பொடியாக உதிர்ந்தது. அதைச் சுற்றி மெல்கோர் அடித்த சாம்பல் பெயிண்ட் இன்னும் கண்ணாடி மாதிரி இருந்தது. பெயிண்ட் அடிப்பதில் அவனுக்கு அப்படி ஒரு கர்வம். யாரும் பார்க்காத இடத்துக்கும் மூன்று பூச்சு பூசுவான். அதைக் கெடுக்க மனம் வராமல், வாஷர் உட்காரும் வட்டத்தை மட்டும் நகத்தால் கிள்ளியது போலச் சுரண்டி வயரைப் பிடித்திருந்தாள். உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டி, இரண்டாவது வயர் ஒன்றை நேராக பாட்டரிக்கு இழுத்திருக்க வேண்டும். அது பாகியோவில் முதல் மாதப் பாடம். மலைப்பனியும் குலுக்கலும் அந்தச் சின்ன வட்டத்தை வருடக்கணக்காகத் தின்றிருந்தன.

பதினோரு வண்டியிலும் அப்படித்தான் சுரண்டியிருந்தாள்.

அவள் வெளியே வர நேரமானது. அகபிதோ குனிந்து பார்த்தான். "மனாங், தூங்கிட்டியா?"

"இல்ல. சரியாயிரும். சாயங்காலம் எடுத்துக்கோ."

"என்னதான் கோளாறு?"

"என் கைதான்" என்றாள்.

அன்று மாலை தொமினதோர் வந்தபோது எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணன் பெயர் போட்ட பட்டறையைச் சேர்ந்து நடத்துகிறவன் அவன். கேட்டுவிட்டுக் காபிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"இதை ஊருக்குச் சொல்லணும்னு என்ன? ரிப்பேருக்கு வர்ற வண்டியில சத்தமில்லாம மாத்திவிட்டுருவோம்."

"வராத வண்டி?"

"அண்ணி, ஒருத்தனுக்குத் தெரிஞ்சாப் போதும், நாளைக்கு இந்தப் பக்கம் எவனும் தலைவச்சுப் படுக்கமாட்டான். அண்ணன் பேரும் கெடும்."

"அவர் பெயிண்ட் நல்லாத்தான் இருக்கு. பேரும் நல்லாத்தான் இருக்கும். தப்பு வயர்ல. வயர் நான்."

"சரி, அண்ணன் வண்டியும் இதனாலதான்னு கேப்பாங்க. என்ன சொல்லுவ?"

அந்தக் கேள்வியை அவன் கேட்டிருக்க வேண்டாம் என்று இருவருக்கும் தோன்றியது. அவள் எழுந்து கோப்பைகளைக் கழுவப் போனாள்.

மறுநாள் ரேடியோ நிலையத்துக்குப் போனாள். காணாமல் போன எருமை, தள்ளிவைத்த கல்யாணம், சாவுச் செய்தி எல்லாம் மலைக்கு அதன் வழியாகத்தான் போகும். அறிவிப்பு வாசிக்கும் பெண், மாற்றிய வண்டிகளைப் பட்டறைக்குக் கொண்டுவரச் சொல்லி அவள் எழுதிக் கொடுத்த காகிதத்தை இரண்டு முறை படித்தாள்.

"மனாங், 'ஒரு சின்ன சோதனை'ன்னு மாத்திடவா? 'நான் செய்த தவறு'ன்னு இருக்கே."

"இருக்கட்டும். சோதனைன்னு சொன்னா அறுவடை முடியட்டும்னு இருந்துருவாங்க."

மூன்று நாள், காலையும் மதியமும், அந்த அறிவிப்பு போனது. ஏழு வண்டிகள் வந்தன. மூன்றில் வட்டம் துருவாகிக் கிடந்தது; நாலில் இன்னும் பிடிப்பு இருந்தது. ஒரு பள்ளி ஆசிரியர் கைகட்டி நின்று, "இத்தனை வருஷமா என் பிள்ளைகளை இதுலதான் ஏத்திட்டுப் போனேன்" என்று மட்டும் சொன்னார். அவள் வேலை செய்ய விடாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து, வேறு ஒருவனிடம் வண்டியைக் கொடுத்து அனுப்பினார். வராமல் நின்ற இரண்டில் ஒன்றை எடுக்கத் தொமினதோர் தானே போய்வந்தான். அண்ணியிடம் ஒன்றும் சொல்லாமல் பட்டறையில் நிறுத்தி, ஜாக்கியையும் அவனே கொடுத்தான்.

கடைசி வண்டி கைமாறிக் கைமாறி போன்தோக் பக்கம் போயிருந்தது. அங்கே ரேடியோ எடுக்காது. கிறிஸ்பினா கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். இரண்டு மூன்று வீட்டில் விசாரித்து, அரிசி மில் வைத்திருக்கும் ஒரு பெண்ணிடம் அந்த வண்டியைக் கண்டுபிடித்தாள். அவள் பெயர் லெதீசியா. வண்டியை வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

கிறிஸ்பினா விஷயத்தை முதலிலிருந்து சொல்லி, சீட்டைக் கழற்றி, படுத்து, வட்டத்தைச் சுரண்டத் தொடங்கினாள். பெயிண்ட் சுருள் சுருளாகக் கழுத்தில் விழுந்தது. லெதீசியா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"ஒண்ணு கேட்டாத் தப்பா நினைக்காதீங்க" என்றாள். "உங்க வீட்டுக்காரரும் இதனாலதானா?"

கிறிஸ்பினாவின் கை நிற்கவில்லை.

"தெரியலம்மா. அந்த வண்டி இப்ப எங்கயோ கம்பியாவும் தகரமாவும் இருக்கும். தெரிஞ்சுக்க வழி இல்ல." இரும்பின் வெள்ளை தெரியும்வரை உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டிவிட்டுக் கையை வெளியே நீட்டினாள். "அந்தப் பெரிய வாஷரைக் குடுங்க. வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் காட்டுங்க."