உப்புப் பார்க்க ஆள் இல்லாத சனிக்கிழமை

அன்புப் பிள்ளைகளே,

உங்கள் பெரியப்பா அவர்கள் நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. திண்டுக்கல்லில் பிறந்தவர். எங்கள் அப்பா சீக்கிரமே போய்விட்டதால், பள்ளியை விட்டுவிட்டு லாரிப் பட்டறையில் வேலை செய்து என்னை வளர்த்தார். பெரியம்மாவுக்கு நியூ ஜெர்சியில் நர்ஸ் வேலை கிடைத்தபோது கூடவே வந்தார். பின்னர் நம்மையும் வரவழைத்தார். யாரை ஏர்போர்ட்டில் விட வேண்டும் என்றாலும் முதலில் கார் சாவியை எடுப்பவர் அவர்தான். பிடிவாதமும் உண்டு. அதை மறைத்து எழுதினால் அவரே சிரிப்பார்.

நம் ரீட்டா ஒரு டெக்சஸ் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றபோது, மூத்தவரான அவர் சொல்லுக்காக எல்லோரும் காத்திருந்தோம். "வெள்ளைக்காரங்க நம்மகூட ஒட்டுவாங்களாடா?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், பையனும் அவன் அப்பாவும் ஈஸ்டருக்கு வரட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

ஜோ, நீ அப்போது காலேஜ் விடுதியில் இருந்தாய். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை காலையிலேயே பெரியப்பா பன்றித் தோள்கறியை மிளகு, பூண்டு, வினிகர் போட்டு ஸ்லோ குக்கரில் வைத்துவிட்டார். அடிக்கடி மூடியைத் தூக்கிப் பார்த்தார். முந்தின நாளே வந்திருந்த பையனின் அப்பாவும் டெக்சஸில் இதே கறியை நாள் முழுக்க வேகவைப்பவராம். அவர் பொறுக்க முடியாமல் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

"பெரியப்பா, தொறந்து தொறந்து பாத்தா ஹீட் போயிடுமாம்" என்றாள் ரீட்டா.

"என் வீட்டுக் கறிக்கு இவரு சட்டம் போடுறாரா?"

பெரியப்பாவுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். கோபம் வந்தால் மட்டும் தெரியாது.

மாலையில்தான் சிக்கல். தவக்காலம் முடியும்வரை நம் வீட்டில் யாரும் கறியை நாக்கில் வைப்பதில்லை. வருடாவருடம் பக்கத்து வீட்டு முருகேசன் அங்கிள் வந்து உப்புப் பார்ப்பார். அந்த வருடம் அவர் மகளைப் பார்க்க மில்பிடாஸ் போயிருந்தார்.

"அதான் நோன்பு இல்லாத மனுஷர் ஒருத்தர் உக்காந்திருக்காரே" என்றார் பெரியம்மா.

பெரியப்பா குக்கர் மூடியைத் தூக்கினார். பிறகு ஒரு துண்டை முள்கரண்டியில் எடுத்து பையனின் அப்பாவிடமே நீட்டினார். அவர் மென்றார். முகம் சிவந்து, கண்ணில் நீர் வந்தது, இருமல் பிடித்துக்கொண்டது. உப்பு சரி, இன்னும் ஒரு மணி நேரம் வேக வேண்டும், காரத்தைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள் என்றார்.

பெரியப்பா மூடியை மூடினார். அதன்பின் தொடவே இல்லை. ஒரு மணி நேரம் கழித்து எலும்பைப் பிடித்து இழுத்தபோது அது மட்டும் தனியே வந்தது. கறி நார் நாராகப் பிரிந்தது. பையனின் அப்பாவுக்கு இன்னும் இருமல் நிற்கவில்லை.

"என்ன ரீட்டா பாத்துக்கிட்டு நிக்கிற? உன் மாமனாருக்குத் தண்ணி குடு."

ரீட்டா தண்ணீர் எடுக்கவில்லை. பெரியப்பாவைக் கட்டிக்கொண்டாள். தண்ணீர் நான்தான் கொடுத்தேன்.

நோயில் படுத்தபோது மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற ஈஸ்ட் பிரன்ஸ்விக் நண்பர்களுக்கும், நாள் தவறாமல் சாப்பாடு கொண்டுவந்த ஆன்ட்டிகளுக்கும், ஜெபித்த பங்குத் தந்தைக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். சம்பந்தி டெக்சஸிலிருந்து வந்து, அடக்கத்தன்று எனக்கு எதிர்ப்பக்கம் பெட்டியைத் தூக்கினார். அது கூடப்பிறந்தவர்கள் நிற்கும் இடம். அவரை யாரும் விலகச் சொல்லவில்லை.