மூக்கில் ஒரு மேடு

விளம்பரப் பலகை செய்யும் கடையில் அவனுக்கு வழுவழு என்று பெயர். கம்ப்யூட்டரில் தான் இழுக்கும் கோட்டைப் பார்த்து வைத்த பெயர் என்று அவன் ரொம்ப நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தான். எதைக் கேட்டாலும் "பாக்கலாம், அப்படியும் செய்யலாம்" என்று பிடிகொடுக்காமல் பேசுகிறவனுக்கு வைத்த பெயர் அது. இது அவனைத் தவிர எல்லோருக்கும் தெரியும். பிறகு ஒருநாள் அவனுக்கும் தெரியவந்தது. யோசித்துப் பார்த்து, பொருத்தம்தான் என்று ஒப்புக்கொண்டான்.

கோடு விஷயத்தில் மட்டும் அவனுக்குத் தலைக்கனம் உண்டு. திரையில் ஒரு புள்ளி, தள்ளி இன்னொரு புள்ளி; புள்ளியின் இரு பக்கமும் குச்சி மாதிரி முளைக்கும் ஹேண்டிலைப் பிடித்து இழுத்தால் நடுவிலுள்ள கோடு வளையும். வேலை தெரியாதவன் ஒரு வளைவுக்கு இருபது புள்ளி வைப்பான், கோடு குண்டும் குழியுமாகப் போகும். இவன் இரண்டு மூன்றில் முடித்துவிடுவான். அடுத்தவர் வரைந்ததைத் திறந்து, புள்ளிகளை எண்ணி, உச்சுக்கொட்டுவது அவனுடைய பொழுதுபோக்கு. வீட்டில் ஆணி அடிக்கச் சொன்னால் சுவரே பெயர்ந்து விழும் என்பது வேறு விஷயம்.

அவன் மனைவி பல வருஷம் யார் யாருடைய பார்லரிலோ நின்றபடி முடி வெட்டியவள். இப்போது ஒருவழியாகச் சொந்தமாகச் சின்னக் கடை ஒன்று பிடித்துவிட்டாள். வாசல் கண்ணாடியில் தன் முகத்தையே பக்கவாட்டில், கறுப்பு நிழலாக ஒட்ட வேண்டும் என்றாள்.

"எல்லாக் கடையிலயும் எவளோ ஒருத்தி மூஞ்சிதான் இருக்கு. என் கடையில நான் இருக்கணும்ங்க."

அவளுடைய போட்டோவை அடியில் வைத்து நெற்றியிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தான். மூக்குத் தண்டில் ஒரு மேடு. கோடு அங்கே தட்டியது. கை தானாகப் போய் அந்தப் புள்ளியை அழித்தது. நெற்றியிலிருந்து மூக்கு நுனிவரை கோடு எண்ணெயாக வழிந்தது. மொத்த முகத்துக்கும் ஒன்பதே புள்ளி. நாற்காலியில் சாய்ந்து தன்னைத்தானே மெச்சிக்கொண்டான்.

மறுநாள் அவளுடைய கடை திறப்பு. படத்தைப் பார்க்க மனைவி அன்றைக்கே அவன் வேலை செய்யும் இடத்துக்கு வந்தாள். வெகுநேரம் திரையைப் பார்த்தாள்.

"யாருங்க இது?"

"நீதாம்மா."

"என் மூக்கு எங்க?"

அவன் மென்று விழுங்கினான். "அது வந்து... கோடு அங்க கொஞ்சம் தட்டுச்சு. ஒரு புள்ளிய எடுத்துட்டா நல்லா ஓடும்னு..."

"நம்ம ஹால்ல மாட்டியிருக்கற போட்டோவுலயும் தட்டுச்சா? அதுலயும்தான் இல்ல. ஏதோ ஆசையா செஞ்சிருக்கீங்கன்னு அப்ப விட்டுட்டேன்." அவள் குரலை உயர்த்தவில்லை. "நாளைக்கு ஒருத்தி வந்து என் நாற்காலியில உக்காருவா. உன் முகம் அழகா இருக்குன்னு எந்த வாயால நான் அவகிட்ட சொல்றது?"

கைப்பழக்கம் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. ஹால் போட்டோவையும் அந்தக் கைதான் திருத்தியது. அன்றைக்கு அதற்குப் பாராட்டு வேறு எதிர்பார்த்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மேட்டைத் திரும்ப வைக்க உட்கார்ந்தான். முதலில் கிளி மூக்கு வந்தது. அடுத்து மாடிப்படி. குதிரையையும் வாத்தையும் கண்ணை மூடிக்கொண்டு வரைவதாகப் பீற்றிக்கொண்டவனை, தினம் எதிரில் உட்கார்ந்து சாப்பிடும் மூக்கு பாடாய்ப் படுத்தியது. கடைசியில் போட்டோவை ஓரங்கட்டிவிட்டுத் திரும்பினான்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் பாத்து உக்காரும்மா."

உட்கார்ந்தாள். பார்த்தான். அந்த மேடு உருண்டையே இல்லை. மேலே சட்டென்று ஏறி, கீழே மெதுவாக இறங்கியது. வழுக்கிக்கொண்டு போகும் வளைவுக்கு அது அடங்காது. புள்ளியின் ஹேண்டிலை இரண்டாக உடைத்து, கோட்டை அந்த இடத்தில் முறிக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு முறித்தான். மூக்கு மட்டுமே நாலு புள்ளியை விழுங்கியது. திரையில் அவள் வந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்து நின்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையில் விரலை வைத்தார்.

"என்னய்யா, மூக்குல ஒரு மேடு? அந்தப் புள்ளியத் தூக்கு. பாக்கறவன் நம்ம கடையப் பத்தி என்ன நினைப்பான்?"

முதலாளி சொல்லை அவன் மறுத்துப் பேசியதாகச் சரித்திரமே இல்லை. மனைவி திரையைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூக்க முடியாது சார்," என்றான். குரல் கீச்சென்று வந்தது. "இது என் பொண்டாட்டி. அவ மூக்கு இப்படித்தான். எனக்கு இப்படித்தான் வேணும்."

முதலாளி திரும்பி அவளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார்.

"அட, அச்சு அசலா நீங்கதாம்மா!"

அவள் சிரித்துவிட்டாள். ஸ்டிக்கர் வெட்டும் மெஷினுக்குப் படத்தை அனுப்பிவிட்டு, அந்த மேடு சரியாக வருகிறதா என்று பார்க்க அவன் மெஷின் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டான்.