வெள்ளிக்கிழமை கைராசி

காரைக்குடியிலிருந்து சாக்கோட்டை போகிற சாலையில் வண்டிகளுக்குப் புகை பார்க்கிற கடை வைத்திருக்கிறேன். 'வாகனப் புகைப் பரிசோதனை நிலையம்' என்று போர்டில் எழுதியிருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி இதுவரை ஒருவரும் வழி கேட்டதில்லை. "புகை பாக்குற அக்கா கடை" என்றால்தான் தெரியும். இன்சூரன்ஸ் மாதிரி இந்தச் சான்றிதழும் வண்டியில் இருக்க வேண்டும். போலீஸ் நிறுத்தினால் கேட்பார்கள், வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி.க்குப் போனாலும் கேட்பார்கள். அதனால் வருகிறார்கள். காற்று சுத்தமாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டு என் கடைக்கு வந்தவர் என எனக்கு ஒருவரும் நினைவில் இல்லை.

டீசல் வண்டியில் புகை பார்ப்பது பெரிய வித்தையில்லை. சைலன்சருக்குள் குழாயைச் செருகி, ஆக்சிலேட்டரை ஒரே அமுக்காக அமுக்கிவிடச் சொல்வேன். இப்படி நாலைந்து தடவை. வருகிற புகை மிஷினுக்குள் ஒரு வெளிச்சத்தைக் கடந்து போகும். எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறதோ அதுதான் ரீடிங். வரம்புக்குள் இருந்தால் நம்பர் பிளேட்டோடு வண்டியைப் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சான்றிதழ் அடித்துக் கொடுப்பேன். தாண்டினால் ஃபெயில்.

ஃபெயில் என்று சொன்னதும் வண்டிக்காரர்களுக்கு வருகிற கோபத்தைப் பார்க்க வேண்டும். வண்டியை விட்டுவிட்டு அவர்களுடைய நெஞ்சையே படம் எடுத்துக் குறை சொன்ன மாதிரி முகம் சிவந்துபோகும். "நேத்துத்தான்க்கா சர்வீஸ் விட்டேன்" என்பார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "சர்வீஸ் விட்டீகளா, தண்ணி ஊத்திக் கழுவுனீகளா?" என்று கேட்டுவிடுவேன். அப்படியும் என்னிடமே வந்தார்கள், அதுவும் வெள்ளிக்கிழமையில்.

வெள்ளிக்கிழமை காலையில் கடை திறக்கும் முன்பே மூன்று நான்கு டீசல் வண்டிகள் வாசலில் நிற்கும். புதன்கிழமை என்னிடம் ஃபெயிலான வண்டி வெள்ளிக்கிழமை வந்தால் பாஸாகிவிடும். "அந்தக்காவுக்கு வெள்ளிக்கிழமை கைராசிப்பா" என்று வேன் ஸ்டாண்டில் பேச்சு பரவியிருந்தது. கைராசி என்று சொன்னால் யாருக்குக் கசக்கும்? நானும் உள்ளுக்குள் குளிர்ந்துபோய், அந்த ஒரு நாள் மட்டும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கடைக்குப் போக ஆரம்பித்தேன். இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் தம்பியும் ஒரு வெள்ளிக்கிழமைதான் வந்தான். அவனுடையது பழைய டீசல் வேன், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவது. அதுதான் அவன் குடும்பத்துக்குச் சோறு. பள்ளி திறப்பதற்கு முன்னால் பள்ளி வண்டிகளையெல்லாம் மைதானத்தில் வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் பார்ப்பார்கள். அதற்காகச் சான்றிதழ் எடுக்க வந்திருந்தான். ரீடிங் வரம்புக்கு வெகு கீழே காட்டியது. அவன் வேனின் பக்கவாட்டில் தட்டி, "குதிரைக்கா, இது குதிரை" என்றான். மைதானத்திலும் தேறிவிட்டது. ஜூனில் பள்ளி திறந்ததும் ஆறாம் வகுப்புப் படிக்கிற என் மகளும் வழக்கம்போல அந்த வேனில் போக ஆரம்பித்தாள்.

அதற்கப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மிஷினைச் சரிபார்க்க மதுரையிலிருந்து கம்பெனிப் பையன் ஒருவர் வந்தார். பையன் என்றால் முப்பது வயதிருக்கும், இன்ஜினீயர். உள்ளே நுழைந்ததும் இருமினார்.

"என்னக்கா, புகை பாக்குற கடைக்குள்ள இம்புட்டுப் புகையா?"

"வெள்ளிக்கிழமையாச்சே, சாம்பிராணி போட்டேன்" என்றேன். தூபக்காலில் கரியை நன்றாகக் கனல வைத்து, சாமி படம், கல்லாப்பெட்டி, கம்ப்யூட்டர், மிஷின் என்று எல்லாவற்றுக்கும் காட்டிவிட்டுத்தான் நான் சுவிட்சைப் போடுவேன். மிஷினுக்கு மட்டும் மூன்று சுற்று. சோறு போடுகிற சாமான் அல்லவா?

அவர் சிரிக்கவில்லை. தூபக்காலை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து விளக்கினார். சுவிட்சைப் போட்டதும் மிஷின் சுற்றியிருக்கிற காற்றைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். அதைச் சுத்தமான காற்று என்று எடுத்துக்கொண்டு பூஜ்யம் வைக்கும். சாம்பிராணிப் புகையை இழுத்தால் அந்தப் புகைதான் அதற்குப் பூஜ்யம். பிறகு வருகிற டீசல் புகையில் அவ்வளவையும் கழித்துவிட்டுத்தான் கணக்குச் சொல்லும்.

மிஷினின் சுவிட்சை அணைத்தேன். என் அப்பா கொத்தனார். ரசமட்டம் வைத்ததில் ஒரு நூல் பிசகினாலும் எழுப்பிய சுவரை இடிக்கச் சொல்வார். அவர் மகள் நான், மட்டமே தப்பிய மிஷினை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் வெள்ளிக்கிழமைதோறும் பட்டுச்சேலை கட்டியிருக்கிறேன்.

ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். அந்த வண்டிகளை வரவழைத்து மறுபடி பாருங்கள் என்றார்கள். வரவழைக்கிற அதிகாரம்தான் என்னிடம் இல்லை. வாசலில் ஒரு அட்டை எழுதி வைத்தேன்: வெள்ளிக்கிழமைகளில் இங்கே சான்றிதழ் எடுத்த டீசல் வண்டிகளுக்கு மறுபடி இலவசமாகப் புகை பார்த்துத் தரப்படும். போன் நம்பர் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டேன். வந்தது இரண்டே பேர். கையில் செல்லுபடியாகிற பேப்பர் இருக்கும்போது எவன் வந்து ஃபெயிலாவான்?

முதலில் கூப்பிட்டது தம்பியைத்தான். அவன் பொறுமையாகக் கேட்டான். "பேப்பர் இன்னும் செல்லும்ல? நீ குடுத்ததுதானக்கா? விடு" என்றான்.

அன்று சாயங்காலம் மகளிடம் கேட்டேன், வேனில் எங்கே உட்காருவாய் என்று. கடைசி சீட்டு என்றாள்.

"பொகை வருமா?"

"கண்ணு எரியும். ஜன்னல மூடுனா இன்னும் எரியும்."

"ஏன்டி இத்தன நாளாச் சொல்லல?"

"மாமா வண்டிம்மா" என்றாள்.

மறுநாளிலிருந்து அவளை என் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். நான்காம் நாள் மதியம், பிள்ளைகளை இறக்கிவிட்ட வெற்று வேனை என் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான் தம்பி. கடைக்குள் வரவில்லை. வாசலில் நின்றே கத்தினான்.

"மேடம் வெளிய வாரீகளா?"

பிறந்ததிலிருந்து என்னை 'நீ' என்று மட்டுமே பேசியவன். அந்த மரியாதை வலித்த மாதிரி, அவன் அடித்திருந்தால்கூட வலித்திருக்காது.

"ஊரே கேக்குது, சொந்த மருமகளே ஒன் வண்டியில வரலயே, என்ன சங்கதின்னு. நான் என்ன சொல்லட்டும்?"

"உள்ளதச் சொல்லு. பொகை வருதுன்னு சொல்லு."

"எங்கிட்டு வருது? தெனம் ஓட்டுறேன், எனக்கு வரலயே?"

அவன் பொய் சொல்லவில்லை. ஓட்டுகிறவனுக்கு முன் கண்ணாடி, பக்கத்து ஜன்னல், எதிர்க்காற்று. வாங்கிய நாள் முதல் அந்த வேனில் ஓட்டுநர் சீட்டைத் தவிர வேறெங்கும் அவன் உட்கார்ந்ததே கிடையாது. எனக்கு அப்போதுதான் அது தோன்றியது. கையை நீட்டினேன்.

"சாவியக் குடு. நீ போயிக் கடைசி சீட்டுல ஒக்காரு."

எனக்கு லைசென்ஸ் உண்டு, ஓட்டவும் வரும். கடையைச் சாத்தினேன். அவன் முறைத்தபடியே பின்னால் போய் உட்கார்ந்தான். பிள்ளைகளுக்கான இடைவெளி; முழங்கால் முன் சீட்டில் முட்டியது. ஜன்னல்களை மூடச் சொன்னேன், மழைக்கு மூடுவோமே அந்த மாதிரி. சாக்கோட்டை வரைக்கும் அவன் எப்படி ஓட்டுவானோ அப்படியே ஓட்டினேன்: வேகத்தடையில் நின்று, சட்டென்று அமுக்கி, பிள்ளைகள் ஏறுகிற ஒவ்வொரு நிறுத்தத்திலும் இன்ஜினை அணைக்காமல் நிறுத்தி, மறுபடி அமுக்கி. பின் கதவின் ரப்பர் எப்போதோ தேய்ந்து போயிருந்தது; அந்த இடுக்கு வழியாகத்தான் புகை உள்ளே ஏறியது. கண்ணாடியில் பார்த்தேன். முதலில் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தான். பிறகு அதை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. திரும்பி வரும்போது பாதி வழியில் கூரையைத் தட்டினான்.

"போதும், நிறுத்துக்கா."

நான் நிறுத்தவில்லை. "பிள்ளைக நிறுத்தச் சொன்னா நீ நிறுத்துவியாடா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கொடூரமாகக் கேட்டது. அவன்மேல் கோபம் பாதி என்றால், அந்தப் பேப்பரை அடித்துக் கொடுத்த என்மேல் மீதி. கடை வரைக்கும் ஓட்டி வந்துதான் நிறுத்தினேன்.

இறங்கியபோது அவன் கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. சாவியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். தம்பியை இழந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, பிள்ளைகளை வேறொருவர் வண்டி ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்தேன். விசாரித்தால், இவன் வேன் ஒர்க் ஷாப்பில் நிற்கிறதாம். டீசல் பம்பைக் கழற்றி மதுரைக்கு அனுப்பியிருக்கிறான். இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசில் மாற்றுகிறான், ஏர் ஃபில்டர் மாற்றுகிறான், பின் கதவுக்குப் புது ரப்பர். என்னிடம் மூச்சு விடவில்லை. நானும் போன் பண்ணவில்லை. இரண்டு பேருக்கும் அப்பாவின் வீம்பு.

அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை, மற்ற வண்டிகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றான். அவன் முறை வந்ததும் கதவு ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, அவன் கண்ணெதிரே மிஷினை அணைத்து மறுபடி போட்டேன். குழாயைச் செருகினேன். ஃபெயில் என்று வந்தால் அதையும் இந்த வாயால்தான் சொல்லியாக வேண்டும். அவன் ஐந்து தடவை அமுக்கினான். வரம்புக்கு உள்ளேதான் இருந்தது, வெகு கீழே இல்லை. பாஸ் என்றேன். குதிரை என்றெல்லாம் அவன் சொல்லவில்லை.

பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே கேட்டான். "நாளைக்கி மருமகள அனுப்புறியா?"

"முன்னாடி ஒக்கார வையி."

"வேணாம். பின்னாடியே ஒக்காரட்டும். அவ சொல்லட்டும்."

மறுநாள் காலையில் அனுப்பிவிட்டு அன்றைக்கு எந்த வண்டிக்கு என்ன ரீடிங் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. சாயங்காலம் கடை வாசலில் வேன் வந்து நின்றதும் நான் ஓடிப்போய்ப் பின் கதவருகே நின்றேன். தம்பியும் இறங்கி இந்தப் பக்கம் வந்துவிட்டான். வழக்கமாக இறங்கவே மாட்டான். மகள் புத்தகப் பையை இழுத்துக்கொண்டு, கன்னத்தில் சீட்டுக் கம்பியின் தடம் பதிந்திருக்க, மெதுவாக வெளியே வந்தாள்.

"கண்ணு எரிஞ்சுச்சாடி?"

எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தெரியலம்மா, தூங்கிட்டேன்."